றெஜினா நின்ற ஊர்

றொனால்ட் இத்தாலிக்குப் போகாமல் போனதற்குக் காரணம் ஒரு வாத்து. ஓகஸ்ட் கடைசியில், ரொறன்ரோவிலிருந்து ஒஷாவாப் பக்கம் போகும் ஏரிக்கரைப் பாதையில் அவன் வேகமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, புல்லுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டியபடி அது குறுக்கே வந்தது. பிரேக்கை இறுக்கினான். முன்சில்லு கிறவல் கல்லில் வழுக்கியது. காறை எலும்பு முறிந்து, கை கட்டோடு கழுத்தில் தொங்கியது. பயணத்துக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

இரண்டு வருடமாக அவன் போட்ட திட்டம் அது. டஸ்கனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, தார் போடாத வெள்ளைக் கிறவல் றோட்டுகளில், ஏறி இறங்கி ஆறு நாள் ஓட வேண்டும். குன்றுகளின் உச்சியில், எண்ணூறு வருடத்துக்கு முன் மதில் எழுப்பிக் கட்டிய சின்ன ஊர்களில் தங்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து பத்துப் பேர் போவதாக இருந்தது. அதில் இரண்டு பேர் அவனும் மனைவி றெஜினாவும்.

றெஜினா அவனுக்காகச் சைக்கிள் ஏறியவள். கொரோனா காலத்தில், வீட்டுக்குள் அடைந்து கிடக்க முடியாமல், அவன்தான் இரண்டு சைக்கிள் வாங்கி வந்தான். அன்றிலிருந்து அவன் முன்னால், அவள் பின்னால். திரும்பிப் பார்க்காமலே கத்துவான்: "குழி! இடது பக்கம்! கியரை இறக்கும்!" அவள் இறக்குவாள்.

"அப்ப நிப்பாட்டச் சொல்லுவம். அடுத்த வருசம் பாப்பம்," என்றான் றொனால்ட், டோர்செட் பார்க் பகுதியில் இருந்த வீட்டின் சோபாவில் சாய்ந்தபடி.

றெஜினா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "நான் போறன்," என்றாள்.

"நீரோ? தனியவோ?"

"மற்ற எட்டுப் பேரும் வருகினம். என்ன தனிய?"

போனில் அவள் நிற்கும் இடம் தனக்குத் தெரிகிற மாதிரி விட வேண்டும் என்று மட்டும் றொனால்ட் கேட்டான். அவள் சரி என்றாள்.

றொனால்டின் வேலையே அதுதான். ஒரு லொறிக் கொம்பனியில், எந்த லொறி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று நாள் முழுக்கத் திரையில் பார்த்துச் சாரதிமாருக்கு வழி சொல்லுகிறவன். இப்போது லீவில் வீட்டில் இருந்தான். கணினியில் டஸ்கனியின் வரைபடத்தை விரித்து வைத்தான். சின்ன நீலப் புள்ளி ஒன்று குன்றுகளுக்கு நடுவே நகர்ந்தது. அதுதான் றெஜினா.

முதல் நாள் ஐந்து தடவை அவளுக்குப் போன் எடுத்தான். அவள் காதில் மாட்டியிருந்த கருவியில் அவன் குரல் கேட்டது. "முன்னாலை பெரிய ஏத்தம் ஒண்டு வருது. இப்பவே கியரை மாத்தும்." இரண்டாம் நாள், "ஏன் அவ்வளவு மெதுவாப் போறீர்? மற்ற ஆக்கள் இப்ப அடுத்த குன்றுக்குப் போயிருப்பினம்," என்றான். அவள் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "முந்திரிகைக் கொடியிலை குலை குலையாப் பிடுங்கிக்கொண்டு நிக்கினம், அதைப் பாத்தனான்," என்றாள்.

மூன்றாம் நாள் காலை ஏழே முக்காலுக்கு, அங்கே மதியம் திரும்பிய நேரம், புள்ளி நின்றது. ஒரு குன்றின் உச்சியில், மதில் சூழ்ந்த ஒரு ஊரின் வாசலில். சாப்பிட நிற்கிறாள் என்று நினைத்தான். எட்டரைக்கும் அங்கேயே நின்றது. எடுத்தான், மணி போனது, அவள் எடுக்கவில்லை. ஒன்பதுக்குப் புள்ளி மறைந்தே போனது. போனை நிறுத்தியிருந்தாள்.

மகள் செரீனா மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "அப்பா, ரிலாக்ஸ். பற்றரி செத்திருக்கும்."

"காலமை நூறு வீதம் இருந்தது. எனக்குத் தெரியும்."

குழுவைக் கூட்டிக்கொண்டு போன லொறென்சோ என்ற இத்தாலியனுக்கு எடுத்தான். அவன் பதறாமல் பேசினான். றெஜினா அந்த ஊரில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்றாளாம். நீங்கள் போங்கள், நான் பின்னேரத்துக்குள் ஹொட்டேலுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னாளாம். நல்ல சுகமாகத்தான் இருந்தாளாம்.

"என்னட்டைச் சொல்லேல்லையே," என்றான் றொனால்ட். அதை லொறென்சோவிடம் சொன்னானா, செரீனாவிடம் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை. விழுந்திருப்பாளோ என்ற பயம் போய், கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. இருபத்தைந்து வருடத்தில், அவள் எங்கே நிற்கிறாள், ஏன் நிற்கிறாள் என்று தெரியாமல் அவன் இருந்த முதல் காலை அது.

பத்தே முக்காலுக்கு அவளே போன் எடுத்தாள்.

"என்னப்பா, இத்தினை தரம் எடுத்திருக்கிறியள்?"

"எங்கை நிண்டனீர்? ஏன் போனை நிப்பாட்டினீர்? இஞ்சை நான் என்ன பாடு படுறன் தெரியுமோ?"

"ஒரு செத்தவீட்டுக்குப் போனனான்."

"ஆற்றை?"

"தெரியாது."

அவள் மெதுவாகச் சொன்னாள். ஊர் வாசலுக்குள் நுழையும்போது கோயிலில் அடக்கப் பூசை நடந்ததாம், அது முடியப் பெட்டியைத் தோளில் வைத்துத் தூக்கி வந்தார்களாம். குழு வேறு ஒழுங்கையால் சுற்றிப் போய்விட்டது. அவள் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மதில் ஓரம் நின்றாள். போக மனம் வரவில்லை. கடைசியில் வந்த ஒரு மனுசி, ஒன்றும் கேட்காமல் அவள் கையைப் பிடித்து வரிசைக்குள் விட்டாள்.

"சைக்கிள் சப்பாத்து கல்லிலை டக் டக் எண்டு சத்தம் போட்டுது. வெக்கமாக் கிடந்தது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்லை. அடக்கம் செய்யிற சேமக்காலை வரைக்கும் போனனான். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டவை. நானும் போட்டனான்."

"ஆரெண்டு தெரியாத ஆளுக்கோ?" என்றான் றொனால்ட்.

"அப்பாவுக்குப் போடேல்லைத்தானே," என்றாள் றெஜினா.

அவளுடைய அப்பா இரண்டாயிரத்து எட்டில் செத்துப்போனார். மன்னாரில் சண்டை நடந்த நேரம். சனம் ஊரை விட்டு இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய்க்கொண்டிருந்தது. செய்தி வந்து சேரவே பன்னிரண்டு நாள் ஆனது. றொனால்ட் கோயிலில் ஒரு பூசை ஒப்புக்கொடுத்தான். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டான். "போகவும் ஏலாது, என்ன செய்யிறது," என்று சொல்லிவிட்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போனான். அவள் சின்னப் பிள்ளையாயிருந்த செரீனாவைக் குளிப்பாட்டினாள், சமைத்தாள். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"இப்ப எங்கை நிக்கிறீர்?" என்று கேட்டான். புள்ளி திரும்பத் தெரிந்தது. ஊருக்குக் கீழே றோட்டு இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் போனால் ஆறு கிலோமீற்றர் குறையும். "இடது பக்கத்தாலை…"

"வேண்டாமப்பா. சொல்லாதேங்கோ."

"வழி தெரியுமோ?"

"கேட்டுப் போவன்."

அவள் பக்கம் எங்கோ நாய் குரைத்தது.

"சரி," என்றான் றொனால்ட். "போய்ச் சேந்திட்டுச் சொல்லும்."

கணினியை மூடினான். போன் ஸ்பீக்கரில் இருந்ததால், படிக்கட்டில் நின்ற செரீனா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "தாத்தா எப்பிடிச் செத்தவர் அப்பா?" என்று கேட்டாள். செய்தி வந்ததைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்று மத்தியானத்துக்கு முன்னமே அவன் மன்னாருக்கு எடுத்தான். அங்கே இராச்சாப்பாட்டு நேரம். றெஜினாவின் தமையன் சீமோனோடு, நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லும் அளவுக்குத்தான் பழக்கம். சீமோன் என்ன, ஏது என்று பயந்துபோய்ப் போனை எடுத்தான்.

"ஒண்டும் இல்லை மச்சான். மாமாவை எப்பிடி அடக்கம் செய்தனீங்கள் எண்டு கேக்கத்தான்."

சீமோன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைக்கும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகு கேக்கிறியள்."

"ஓம். இவ்வளவு காலமும் கேக்கேல்லை."

சீமோன் சொன்னான். ஒன்பது பேர் நின்றார்களாம். பெட்டி கிடைக்கவில்லை, பாயில் சுற்றினார்களாம். பாதர் வர முடியவில்லை. அம்மாதான் செபம் சொன்னாவாம். ஒரு பாலை மரத்துக்குக் கிழக்கே, அவனே புதைக்க மடு வெட்டினானாம். "றெஜினா ஒரு நாள் கேப்பாள் எண்டு எல்லாத்தையும் ஞாபகத்திலை வைச்சிருந்தனான். அவள் கேக்கேல்லை. நானா எடுத்துச் சொல்ல மனம் வரேல்லை. கவலைப்படுவாள் எல்லோ?"

மிச்ச மூன்று நாளும் றொனால்ட் அவளுக்கு எடுக்கவில்லை. அவள் எடுக்கும்வரை இருந்தான். தோட்டத்தில் பழம் பிடுங்கியவர்கள் அவளுக்கு ஒரு குலை கொடுத்ததைச் சொன்னாள். கோபுரங்கள் நிறைந்த ஓர் ஊருக்கு ஏற முடியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைச் சொன்னாள். "தள்ளினாலும் ஊர் அங்கைதான் நிண்டது," என்று சிரித்தாள். சீமோனோடு கதைத்ததை அவன் சொல்லவில்லை. அது போனில் சொல்லுகிற காரியம் இல்லை என்று பட்டது.

அவள் வந்து இறங்கிய அடுத்த நாள் காலை, இரண்டு பேரும் குசினியில் தேத்தண்ணியோடு இருந்தார்கள். முகம் வெயிலில் கறுத்து, கைகளில் கையுறையின் வெள்ளை அடையாளத்தோடு இருந்தாள். வெளியே பள்ளிக்கூட பஸ் வந்து நின்று போனது.

"சீமோனோடை கதைச்சனான்," என்றான்.

"ஏன்? ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. மாமான்ரை அடக்கத்தைப் பற்றிக் கேட்டனான்."

றெஜினா கோப்பையை மேசையில் வைத்தாள். அழுவாள் என்று நினைத்தான், அழவில்லை.

"ஆர் ஆர் நிண்டது?"

றொனால்ட் சொல்லத் தொடங்கிவிட்டு நிறுத்தினான். "நான் சொல்லுறதிலும் பாக்க அவன் சொல்லுறதுதான் சரி. உமக்குச் சொல்லவெண்டு வைச்சிருக்கிறான். எடுத்துத் தரட்டோ?"

அவள் தலையாட்டினாள். கட்டில்லாத கையால் எண்ணை அழுத்தி, போனை அவளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் தனியாகக் கதைக்கட்டும் என்று எழும்பினான்.

"இருங்கோ," என்றாள் றெஜினா.

அவன் திரும்ப உட்கார்ந்தான். சீமோன் எடுத்தான். "அண்ணை, நான்தான்," என்றாள் அவள். "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ. முதல்லையிருந்து சொல்லுங்கோ."