ஸ்டாப் சொன்ன பிறகு

சுபஸ்ரீயின் முகத்தில் அதுவரை யாரும் அடித்ததில்லை. அம்மா அம்சவள்ளி கோபம் வந்தால் முதுகில் ஒன்று வைப்பாள், அவ்வளவுதான்.

கல்லூரிக்குப் போகும் முன், கச்சிராயபாளையத்திலிருந்து முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து, கள்ளக்குறிச்சியில் இருக்கும் குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தாள். மூன்று மாதமாகக் கயிறு தாண்டினாள், கால் வைக்கப் பழகினாள், தொங்கும் மூட்டையைக் குத்தினாள். அன்று கோச் கலையரசன் முதல் முறையாக அவளை ரிங்கில் ஏறச் சொன்னார்.

எதிரே பாயிஸா. செருப்புக்கடை கலீலுல்லாவின் மகள், இவளைவிட இரண்டு வயது மூத்தவள். அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்குப் போகிறவள். கிளவுஸ் போடும் முன் விரல்களுக்கிடையே துணி சுற்றக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

"மெதுவாத்தான் அடிப்பேன். கண்ண மட்டும் மூடிக்காத, இன்னா?" என்றாள்.

முதல் குத்து மூக்கில் விழுந்தது. வலி அப்புறம்தான் வந்தது. அதற்கு முன் வந்தது திகைப்பு. என்னையா அடித்தாள்? கண்ணில் நீர் முட்டி எதிரில் இருப்பது மங்கியது. இரண்டாவது குத்தும் அதே இடத்தில். கையைத் தூக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. கயிற்றுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள்.

சுபஸ்ரீ கண்மண் தெரியாமல் வீசத் தொடங்கினாள்.

"ஸ்டாப்!" என்றார் கோச்.

பாயிஸா உடனே கைகளை இறக்கித் திரும்பினாள். சுபஸ்ரீயின் வலக்கை போய் அவள் தாடையில் இறங்கியது.

பாயிஸா கால் மடங்கி உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"பாயிஸா, இன்னிக்கு இன்னா கிழமை?" கோச் மண்டியிட்டுக் கேட்டார்.

அவள் அவரையே வெகுநேரம் பார்த்தாள். "நான் எப்ப சார் இங்க வந்தேன்?"

சுபஸ்ரீ கிளவுஸைக் கழற்றப் பார்த்தாள். இரண்டு கையிலும் கிளவுஸ் இருந்ததால் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதம் ரிங்கில் ஏறக்கூடாது என்றார் டாக்டர். மாவட்டப் போட்டி போயிற்று. "புதுசா வர்றவங்களுக்கு சட்டுனு நிறுத்த வராது" என்று கோச் இவளைத் தேற்றினார். எல்லாரும் அதையே நம்பினார்கள்.

மறுநாள் சுபஸ்ரீ பாயிஸாவின் வீட்டுக்குப் போனாள். அவள் அம்மா ஆசியா பீவி கதவைத் திறந்தார். "உள்ள வாம்மா. வெளையாட்டுன்னா படத்தான் செய்யும். நீ அழுவாத."

பாயிஸா படுத்திருந்தாள். "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லடி. பஸ் ஸ்டாண்டாண்ட நடந்துக்கினு இருந்தது வரைக்கும்தான் தெரியுது."

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சுபஸ்ரீ கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சார் ஸ்டாப்னு சொன்னது எங்காதுல விழுந்துச்சு. கேட்டுட்டுதான் அடிச்சேன்."

பாயிஸா மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "நெஜமாவா சொல்ற?"

"ஆமாக்கா."

"ரெண்டு வருஷமாடி இந்தப் போட்டிக்கு..." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ வூட்டுக்குப் போ."

அன்று மாலையே சுபஸ்ரீ கோச்சிடமும் சொல்லிவிட்டாள். அவர், "ரெண்டு மாசம் நீ கிளவுஸத் தொடக்கூடாது. வர்றதும் வராததும் உன் இஷ்டம்" என்றார். அவள் தினமும் வந்தாள். கயிறு தாண்டினாள், ரிங்கைத் துடைத்தாள். சிலர் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் பாயிஸா திரும்பி வந்தாள். இவளைப் பார்க்காமலே ஷூ லேஸைக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "உம்மேல கோவம் இன்னும் போவல. ஆனா ஓடறதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும். வர்றியா?"

தியாகதுருகம் சாலையில் இருவரும் ஓடினார்கள். மூன்று கிலோமீட்டர் வரை பாயிஸா ஒரு வார்த்தை பேசவில்லை. சுபஸ்ரீ பின்தங்கியபோது மட்டும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்தாள்.