இணைப்பின் மேல் ஒட்டிய ஜல்லி

சுப்ரமணியனை நல்லவர் என்று சொல்லாத ஆள் மாட்டுங்காவில் கிடையாது. அப்படிச் சொன்ன ஊரார் ஒருவரும் அவரோடு குடித்தனம் நடத்தியதில்லை, அவ்வளவுதான். யாரிடமும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அதை வைத்து அவரை நல்லவர் என்று நம்பியவர்களில் முதல் ஆள் அவர் மனைவி விசாலாக்ஷி.

அவர்களுக்கு ஒரே பெண், ஷ்ருதி. உல்லாஸ்நகரில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பத்ரி கை நீட்டுகிறவன். எத்தனையோ தடவை அவள் அழுதபோதெல்லாம் கொஞ்சம் பொறுத்துக்கோடி என்று சொல்லி அனுப்பியவள் விசாலாக்ஷிதான். இந்தத் தடவை ஷ்ருதி அழவில்லை.

“அம்மா, ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடறேன். இனிமே இங்க இருக்கறதா இல்லை. என் ரூம் இருக்கோல்லியோ?” என்று போனில் கேட்டாள்.

“உன் ரூம் எங்கடி போகப்போறது? வா” என்றாள் விசாலாக்ஷி.

அந்த அறையில்தான் ரயில் ஓடியது. ரயில்வேயின் கணக்குப் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆன சுப்ரமணியன், பெண்ணின் கட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலு பெரிய பலகைகளை போல்ட் போட்டுச் சேர்த்து, சுவருக்குச் சுவர் மாடல் ரயில்பாதை போட்டிருந்தார். பிளாட்பாரம், சிக்னல், படியேறும் பாலம் எல்லாம் விரல் உயரத்தில் இருந்தன. தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி போடுவது மட்டும் பாக்கி.

“பேஷா வரட்டும்” என்றார் சுப்ரமணியன். “ஜல்லியை ஒட்டிட்டா நாலு பலகையையும் கழட்டி லாஃப்ட்ல ஏத்திடலாம். ஒட்டாம தூக்கினா எல்லாம் ஆடிப்போயிடும். எனக்குத்தான் கை நடுங்கறது. நீ கொஞ்சம் ஒத்தாசை பண்ணேன்.”

விசாலாக்ஷி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டீ வடிகட்டியில் சலித்த பொடிக் கற்களைத் தண்டவாளம் தாங்கும் கட்டைகளின் நடுவே ஸ்பூனால் தூவினாள். மெல்லிய பிரஷ்ஷால் சமன் செய்தாள். பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் புகைபோலத் தெளித்தாள். ஈரத்தில்தான் பசை பரவும், காய்ந்த கல்லில் அது முத்து முத்தாக நின்றுவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். பிறகு தண்ணீர் விட்டு நீர்த்த பெவிகாலை, கண்ணுக்கு மருந்து விடும் பில்லரில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கோலம் போட்டுப் பழகிய கை, ஒரு கல் நகரவில்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் ஒவ்வொரு முழம் முடியும்போதும் பெண்ணுக்கு ஒரு முழம் இடம் கிடைத்தாற்போல அவளுக்கு மனசு நிறைந்தது.

இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மட்டும் அவள் நிறுத்தினாள். அங்கே தண்டவாளமே மெல்லிசாக வெட்டப்பட்டிருந்தது.

“ஏன்னா, இந்த எடத்துலயும் ஒட்டணுமா?”

“அங்கதான் நன்னா ஒட்டணும். கோடு தெரிஞ்சா அசிங்கம். ரெண்டு தரம் பசை விடு.”

விட்டாள். அவர் சொல்லி அவள் எதைத்தான் செய்யாமல் இருந்தாள்? சனிக்கிழமைக்குள் ஜல்லி முழுக்கக் காய்ந்து இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஷ்ருதி வந்தாள். கன்னத்து வீக்கத்தைப் பவுடர் மறைக்கவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே தன் அறை வாசலில் போய் நின்றாள். உள்ளே கால் வைக்க இடமில்லை.

“வாம்மா, வா” என்று சுப்ரமணியன் எழுந்து வந்தார். “உனக்கு ஒழிச்சுக் குடுக்கலாம்னுதான் இருந்தேன். உங்கம்மா என்ன பண்ணினா தெரியுமா? பலகை சேர்ற எடத்துலயும் சேர்த்து ஒட்டிட்டா. இனிமே பிரியாது. கல்லா இறுகிடுத்து.”

விசாலாக்ஷி முன்னால் வந்தாள். “நீங்கதானேன்னா ஒட்டச் சொன்னேள்?”

“நான் ஆயிரம் சொல்லுவேன். பொண்ணுக்கு ரூம் வேணும்னு பெத்தவளுக்குத் தெரிய வேண்டாமா?” குரலை அவர் உயர்த்தவே இல்லை. அந்த மனுஷர் கத்தி யாரும் கேட்டதில்லை. “ஹால்ல தாராளமா படுத்துக்கோம்மா. நாலு பேர் வந்து போற எடம். ஏன் வந்தே, எப்போ திரும்பிப் போகப்போறேன்னு கேப்பா. என்ன பதில் சொல்றதுன்னு நீயே யோசிச்சு வெச்சுக்கோ.”

ஷ்ருதி அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவிடம் அவளுக்கு எதிர்பார்ப்பு கிடையாது. அம்மாவைத்தான் பார்த்தாள்.

“நீயாம்மா ஒட்டினே?”

ஒட்டியது அவள் கைதான். எப்படி இல்லை என்பாள்? “நான்தான்டி, ஆனா...”

“வராதேன்னு போன்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

விசாலாக்ஷி பாய்ந்து அவள் முழங்கையைப் பிடித்தாள். ஷ்ருதி துடித்துக் கையை உதறினாள். அங்கேயும் அடி பட்டிருந்தது. நெருளில் சிநேகிதி வீடு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அம்மாவின் போனை அவள் எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் செம்பூரிலிருந்து அஷ்வத் வந்தான். மாடல் ரயில் கிளப்பில் சுப்ரமணியனின் கூட்டாளி. குனிந்து பார்த்து அசந்துபோனான்.

“ஆன்ட்டி, நீங்களா பண்ணது? ஃபர்ஸ்ட் கிளாஸ். ஜாயின்ட் எங்கன்னே தெரியல.”

“அதனாலதான் பலகை பிரியாதாமே” என்றாள் விசாலாக்ஷி.

அஷ்வத் சிரித்தான். “யார் ஆன்ட்டி சொன்னா? தண்டவாளம் அங்க வெட்டித்தானே இருக்கு. போல்ட்டைக் கழட்டிட்டு பிளேடால ஒரு கீறு கீறினா ஜல்லி விட்டுடும். அஞ்சு நிமிஷ வேலை. போன வருஷம் கிளப்ல அங்கிள்தான் எங்க எல்லாருக்கும் செஞ்சு காமிச்சார்.”

விசாலாக்ஷி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எஞ்சின் மேலிருந்த தூசியை ஊதிக்கொண்டிருந்தார்.

“அஷ்வத்துக்குக் காபி கொண்டு வா விசாலம்” என்றார்.

சண்டாளர். இத்தனை வருஷமாக அவர் வாய் சொல்லாத ‘இல்லை’களையெல்லாம் தன் கைதான் செய்து கொடுத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஷ்ருதியைக் கூப்பிட்டாள். இந்தத் தடவை போனை எடுத்தார்கள். எடுத்தது பத்ரி.

“நீங்களா?” என்றாள். “ஷ்ருதி அங்கயா இருக்கா?”

“நேத்தே வந்துட்டாளே மாமி. பெத்தவளே எடம் இல்லாம பண்ணிட்டாளாம். சிநேகிதியா வெச்சுக்கப் போறா? வேற எங்க போவா?”

“மாப்பிள்ளை, அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ரூம் இருக்கு. பலகை பிரியுமாம். ஒரு பிளேடு போதுமாம். நானே வந்து அழைச்சிண்டு போறேன்னு சொல்லுங்கோ.”

“பிளேடா? என்ன மாமி பேசறேள்?” என்றவன் போனிலிருந்து முகத்தைத் திருப்பி உரக்கக் கேட்டான். “ஷ்ருதி, உங்கம்மா லைன்ல இருக்கா. அங்க வரச் சொல்லிக் கூப்பிடறா. என்ன சொல்லட்டும்?”

உள்ளேயிருந்து ஷ்ருதி ஏதோ சொன்னாள். ஒரே சொல்தான்.

“வேண்டாம்கறா மாமி” என்றான் பத்ரி. அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி விசாலாக்ஷி அதுவரை கேட்டதில்லை.