மூன்றாவது பேட்டரி

சாவியைத் திருப்பினேன். டக், டக், டக். ஸ்டார்ட்டர் மோட்டார் அசையவே இல்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எட்டு மாதத்தில் இந்தப் படகில் செத்துப்போகும் மூன்றாவது பேட்டரி இது. முதல் பேட்டரி ஆயுசு முடிந்து போனது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்த இரண்டும் புத்தம் புதுசு. மாட்டியது நான். சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போட்டதும் நான். படகு யாருடையது? என் கூடப் பிறந்த இரண்டு புண்ணியவான்களுடையது.

விடுமுறை நாளில் குடும்பத்தோடு தண்ணீரில் சுற்றிவர என்று பெரியண்ணனும் சின்னண்ணனும் கூட்டாக வாங்கிய பழைய படகு. வாங்கிய இரண்டாம் வருஷமே, பக்கவாட்டில் விழுந்த ஒரு முழ நீளக் கீறலுக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஒரு வாரம் அவன், ஒரு வாரம் இவன். இடையில் சாவி என்னிடம். "சீட்டைத் துடைச்சு வைக்கணும்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் பெரியவன். "அவனுக்குக் கை இல்லையான்னு கேளு" என்பான் சின்னவன். பதினோரு வருஷமாகப் படகு இன்ஜின் பார்க்கிறவள் நான். இவர்கள் இருவருக்கும் தபால்காரி.

அன்று காலைதான் பட்டறை முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். பட்டறைப் பொறுப்பில் இருந்தவர் மாதக் கடைசியில் விலகுகிறார். அந்த இடம் எனக்குத்தான் என்று முதலாளியே இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

"உங்க பெரியண்ணன் போன் பண்ணாரும்மா. அரை மணி நேரத்துல சின்னவரும் பண்ணாரு. ரெண்டு பேருக்கும் ஒரே புகார். நீ வேலையை ஒழுங்காச் செய்யலையாம்."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். சொந்த அண்ணன்களே இப்படிச் சொன்னா, உன்னைப் பொறுப்புல உக்கார வெச்சா மத்தவங்க என்ன நினைப்பாங்க? சாயங்காலத்துக்குள்ள கோளாறு என்னன்னு கண்டுபிடி. இல்லேன்னா நான் வெளியில ஆள் பாக்க வேண்டியதுதான்."

"நான் மாட்டினது சரியாத்தான் இருக்கு சார்."

"வாயால சொன்னாப் போதுமாம்மா?"

போதாதாம். பதினோரு வருஷத்தில் என் கை பட்ட எந்தப் படகும் நடுத்தண்ணீரில் நின்றதில்லை. அது கணக்கில் வராது. ஒரு வருஷமாக ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காத இரண்டு பேர், என்னைக் குறை சொல்வதில் மட்டும் ஒரே காலையில் ஒன்றுகூடிவிட்டார்கள்.

சாவியை விட்டுவிட்டுக் கருவிப் பெட்டியைத் திறந்தேன். கோபம் இருந்தாலும் வேலையை வரிசையாகத்தான் செய்ய வேண்டும். கியர் நியூட்ரலில் இருந்தது. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்துகிற கயிறும் அதன் இடத்தில் மாட்டியிருந்தது. இன்ஜின் மூடியைத் திறந்து பேட்டரியில் மீட்டரை வைத்தேன். பத்தரை வோல்ட். பன்னிரண்டரைக்கு மேல் இருக்க வேண்டியது. இரண்டு முனைகளும் சுத்தம், துளி களிம்பு இல்லை, நட்டு இம்மியும் நகரவில்லை. பட்டறையிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்து கேபிளால் இணைத்துத் திருப்பினேன். இன்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஓடும்போது பதினான்கு வோல்ட் காட்டியது, அப்படியென்றால் சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. படகு சும்மா கட்டிக் கிடக்கும்போது எதுவோ கரண்டைக் குடிக்கிறது.

இதை நான் போன தடவையே பார்த்திருக்க வேண்டும். "சின்னவன் உள்ளே லைட்டை அணைக்காமப் போயிட்டான்" என்று பெரியவன் சொன்னான். மழையில் மூன்று வாரம் யாரும் படகுப் பக்கம் வரவும் இல்லை. சரி, அப்படித்தான் தீர்ந்துபோயிருக்கும் என்று நம்பித் தொலைத்தேன். அண்ணன் சொன்னதை நம்பியது ஒன்றுதான் இந்த விஷயத்தில் நான் செய்த தப்பு.

இன்ஜினை நிறுத்திவிட்டு, முழு சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றைப் படகில் வைத்து, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தேன். மெயின் ஸ்விட்சை அணைத்தேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வரவேண்டும். வரவில்லை. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விளக்கு, ஹாரன், பாட்டுப் பெட்டி, கீழே தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்பு. கடைசி ஃபியூஸும் வெளியே வந்த பிறகும் மீட்டர் அசையாமல் அதே எண்ணைக் காட்டியது. யாரோ ஸ்விட்சையும் ஃபியூஸையும் தாண்டி நேராகப் பேட்டரியிலேயே கை வைத்திருக்கிறார்கள்.

குப்புறப் படுத்து கேபிள்களை விரலால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளின் அடிப்பக்கம் ஒட்டுப் போட்டு, பம்பு ஒயரோடு ஒட்டிக்கொண்டு தலைமுடிபோல ஒரு சிவப்பு ஒயர் ஓடியது. நான் போட்டதில்லை. பிடித்துக்கொண்டே போனால் பின்சீட்டு ஸ்பீக்கருக்குள் போய் நின்றது. ஸ்பீக்கர் மூடியைக் கழற்றினேன். உள்ளே கட்டைவிரல் அளவில் ஒரு கேமரா, கரண்ட் நின்றாலும் கொஞ்ச நேரம் ஓட அதற்குள்ளேயே ஒரு குட்டி பேட்டரி.

ஒயரைப் பிடுங்கியதும் மீட்டர் பாதியாக இறங்கியது. பாதிதான்! மறுபடி தேடினேன். எதிர்ப்பக்கம், மிதவை உடுப்புகள் வைக்கும் அலமாரியில், இன்னொரு ஒயர், இன்னொரு கேமரா. அதையும் பிடுங்கியதும் மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவனைப் பிடிக்கச் சின்னவன் ஒன்று, சின்னவனைப் பிடிக்கப் பெரியவன் ஒன்று. ஒருவனை ஒருவன் வேவு பார்த்தே இரண்டு பேட்டரியைக் கொன்றிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே, எதைப் படம் பிடித்திருக்கும் என்று பார்ப்பதற்காக முதல் கேமரா இருந்த இடத்தில் கண்ணை வைத்தேன். ஓட்டுகிறவர் சீட்டு தெரியவில்லை. ஸ்டியரிங் தெரியவில்லை. இன்ஜின் மூடியும் பேட்டரிப் பெட்டியும் மட்டும் தெரிந்தன. அலமாரிப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கிருந்தும் அதேதான்.

அந்த மூடியை இருவரும் ஒரு நாளும் திறந்ததில்லை. கையில் கிரீஸ் படும் என்று அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இந்த ஒயரைக்கூட யாரையாவது வைத்துத்தான் இழுத்திருப்பார்கள். வழக்கமாக அதைத் திறக்கிற ஒரே ஆள் நான்தான்.

சிரிப்பு அடங்கிப்போனது. போனை எடுத்து இருவரையும் உடனே வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

வந்தார்கள். படகு கட்டியிருந்த துறை மேடையில் ஒருவன் இந்தக் கோடியில், ஒருவன் அந்தக் கோடியில். இரண்டு கேமராவையும் சீட்டின் மேல் வைத்தேன்.

"திருட்டுத்தனமா என்னை வேவு பாத்திருக்கான்! கேளும்மா அவனை!" என்று பெரியவன் குதித்தான்.

"அவன் வெச்சதை என் தலையில கட்டப் பாக்கிறான்!" என்று சின்னவன் கத்தினான்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றேன். "எது இருந்த இடத்துல கண்ணை வெச்சாலும் இன்ஜின் மூடிதான் தெரியுது. அங்க யார் வந்து நிப்பா? சொல்லுங்க."

 இருவரும் இரண்டு கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சந்தேகம்னு இல்லம்மா" என்று பெரியவன் இழுத்தான். "ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"நல்லா இருந்த பேட்டரியைப் போயிருச்சுன்னு சொன்னியா" என்று சின்னவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "அதைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் பழசு எதையாவது மாட்டியிருப்பியோன்னு..."

"ஆறு வருஷம் உழைச்சு ஓய்ஞ்ச பேட்டரிடா அது!"

அண்ணன்களைப் பார்த்து என் வாயில் 'டா' வந்தது அதுதான் முதல் தடவை. "அது போச்சுன்னு நான் சொன்னதை நம்பாம கேமரா வெச்சீங்க. கேமரா குடிச்சுக் குடிச்சு அடுத்த ரெண்டும் போச்சு. அதையும் என் தலையில போட்டீங்க. கடைசியில என் பொழப்புக்கே உலை வெச்சுட்டீங்க. நேரா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? நான் என்ன ரோட்டுல போறவளா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு கேமராவிலிருந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

கம்ப்யூட்டரில் நான் தெரிந்தேன். குனிந்து புதுப் பேட்டரியை வைக்கிறேன், முனையைத் துடைக்கிறேன், நட்டை முறுக்குகிறேன், கேபிளை இழுத்துப் பார்க்கிறேன். எழுந்து போகிறேன். பிறகு திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். எனக்கே அது நினைவில் இல்லை.

"ரெண்டு தடவை பாக்கறியேம்மா!" என்றார் முதலாளி. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "பொறுப்பு உனக்குத்தான். இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல."

"காலையிலயும் இதைத்தான் சொன்னேன் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எனக்குச் சேர வேண்டியது, எடுத்துக்கொண்டேன். ஆனால் கொஞ்சம்கூடச் சந்தோஷம் இல்லை.

திரும்பிப் போனபோது அண்ணன்கள் இருவரும் படகுக்குள் நின்றிருந்தார்கள், முன்பைவிடக் கொஞ்சம் பக்கத்தில். செய்தியைச் சொன்னேன்.

"பாத்தியா!" என்றான் பெரியவன். "கேமரா இருந்ததாலதானே உன் வேலைப்பாடு அவருக்குத் தெரிஞ்சுது?"

"அதானே" என்றான் சின்னவன். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் பேச்சுக்கு ஒருவன் தலையாட்டினான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே இந்த போட்டை வேற பட்டறைக்குக் கொண்டு போங்க. நான் தொட மாட்டேன்" என்றேன்.

பெரியவன் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இப்படிச் சொல்றே? உன்னை விட்டா வேற யாரை நம்பி இதைக் குடுக்கிறது?"

அவன் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான். சின்னவனும் அதே கவலையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். சண்டைக்கு வந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். இதற்கு என்ன சொல்வது? சாவியைச் சீட்டின் மேல் போட்டுவிட்டு மேடையில் ஏறி நடந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் கண்ணிலும் படாத ஓர் இடம் வரும்வரை அடக்கிக்கொண்டே போனேன்.