கிளாரன்ஸ் இறுக்கின ஸ்குரு

மார்வினுக்கு வயித்தெரிச்சல். வேற எந்தப் பேரு வச்சுச் சொன்னாலும் அது பொய். பொண்டாட்டி கிறிஸ்டின் மூணு வாரமா ஒரே பேச்சா பேசிக்கிட்டிருந்தா. பிரிக்பீல்ட்ஸ்ல கிளாரன்ஸ் வீட்டு பிளேயர்ல ரெக்கார்டு போட்டா அப்பா பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்காம். நம்ம வீட்டுல போட்டா போர்வைக்குள்ள இருந்து பாடுறாராம்.

அப்பான்னா அவளோட அப்பா. செத்து ஒன்பது வருஷமாச்சு. கோயில் பாட்டுக்குழு அந்தக் காலத்துல போட்ட ரெக்கார்டுல ஒரே ஒரு பாட்டு அவர் தனியா பாடினது. மிச்சமிருக்கிறது இவகிட்ட இருக்கிற அந்த ஒத்தத் தட்டுதான். ஃபோன்ல ஏத்தி வச்சுக்கயேன்னா, அது அப்பா குரலே இல்லம்பா.

கிளாரன்ஸ் இப்போ அதே குழுவுல கீபோர்டு வாசிக்கிறவன். ஆள் சாது. மார்வினுக்கு அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு குறை இருந்தாலாவது திட்டித் தொலைக்கலாம்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கிறிஸ்டினே அவனை செந்தூல்ல இருக்கிற தங்களோட ஃபிளாட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. குனிஞ்சு பார்த்தவன் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டான். கீழ தண்டவாளத்துல கொமுட்டர் ரயில் போறப்ப வீடு அதிர்ந்து ஊசி குதிக்குதுன்னு மார்வின் ரெக்கார்டுக்குக் கீழ மூணு ரப்பர் மேட் அடுக்கியிருந்தான். ரெக்கார்டு உசந்துடுச்சு. ஊசியைத் தாங்குற டோன் ஆர்மை மட்டும் உசத்தவே இல்ல.

"பின்பக்கம் தாழ்ந்து கிடக்கு பிரதர், அதான் குரல் அமுங்குது. கொஞ்சம் ஏத்தினா சரியாயிடும் லா."

"எனக்குத் தெரியாதா?"ன்னான் மார்வின். சத்தியமா தெரியாது.

கிளாரன்ஸ் டோன் ஆர்ம் அடியில இருந்த குட்டி ஸ்குருவைத் தளர்த்தி, ஆர்மை ஏத்தி, ஸ்கேல் வச்சு அளந்து, திரும்ப இறுக்கினான். கிறிஸ்டின் ஃபோன் லைட்டைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. அவன் என்னமோ சொல்ல, சிரிச்சா. நம்மகிட்ட இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு சோபாவுல உக்காந்து வெந்துக்கிட்டிருந்தான் மார்வின்.

அவ டீ கலக்கப் போனா, கிளாரன்ஸ் கை கழுவப் போனான். ஸ்குரு திருகுற குட்டிச் சாவி பிளேயர் பக்கத்துலயே கிடந்துச்சு. மார்வின் எந்திரிச்சுப் போய் ஸ்குருவை அரைச் சுத்து தளர்த்திட்டு வந்து உக்காந்துட்டான். ரெக்கார்டைக் கெடுக்கணும்னு இல்ல. ஆர்ம் பழையபடி இறங்கிடும், குரல் அமுங்கிடும், இவன் வந்து மட்டும் என்ன கிழிச்சான்னு கேக்கலாம். அவ்வளவுதான் அவன் நினைச்சது.

கிறிஸ்டின் தன் கையாலயே ரெக்கார்டைப் போட்டா. குரல் தெளிவா வந்துச்சு. பாடுறதுக்கு முன்னாடி மாமனார் மூச்சு இழுக்கிறதுகூடக் கேட்டுச்சு. அவ கண்ணு நிறைஞ்சு போச்சு. ஆர்ம் இறங்கவே இல்ல, தளர்ந்த ஸ்குருவுலதான் நிக்குதுன்னு மார்வினுக்கு அப்பத்தான் உறைச்சுச்சு. நிறுத்திடணும். ஆனா என்னன்னு சொல்லி நிறுத்துறது?

அவன் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கீழ கொமுட்டர் போச்சு. ஆர்ம் சரிஞ்சு விழுந்து, ஊசி அந்தப் பாட்டு முழுக்கக் குறுக்கால கிழிச்சுக்கிட்டுப் போச்சு.

"நான் இறுக்கினேனே..."ன்னான் கிளாரன்ஸ். ஸ்குருவைத் தொட்டுப் பார்த்தான். முகம் செத்துப் போச்சு. "இல்ல சிஸ்டர், என் தப்புதான். சரியா இறுக்கல போல."

"நீங்க போங்க கிளாரன்ஸ்."

கதவைச் சாத்திட்டு வந்து அவ மார்வின் பக்கத்துல உக்காந்தா. அவன் தோள்ல சாஞ்சு ரொம்ப நேரம் அழுதா.

"நம்ம வீட்டுச் சாமானை உங்ககிட்ட விட்டிருக்கணும்"னா. "இனி வேற யாரும் தொட வேணாம்."

"சரி"ன்னான் மார்வின்.