பத்து கிராம் அம்பு

லிப்ட் மெக்கானிக் சமையலறைத் தராசில் தன் பழைய அம்பை வைத்துப் பார்த்தார். இருபத்து நாலு கிராம். புதிதாக வாங்கி வந்த ஒல்லி அம்பை வைத்தார். பத்து. கள்ளத்தனமாகச் சிரித்துக்கொண்டார்.

அவர் தோளில் கத்தி வைத்த டாக்டர், விறைப்பான வில்லைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். இளகிய வில்லிலோ பழைய அம்பு எழுபது மீட்டரை எட்டவில்லை. குறிப்பலகைக்குப் பத்தடி முன்னால் புல்லில் குத்தி மானத்தை வாங்கியது. அதற்காக அவர் எழுபதை விட முடியுமா? மனைவி போய் நாலு வருஷம். மகள் போனில் "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். அதோடு சரி. வேலையோ லிப்ட் குழிக்குள் கிரீஸோடு. மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் எழுபது மீட்டர் பலகைக்கு எய்யும் மூன்று பேர்தான்: பல் டாக்டர், வங்கிக்காரர், வில் கடைக்காரம்மா. எய்து முடித்து அம்பு பிடுங்க நடக்கும்போதுதான் ஊர்க்கதையெல்லாம் ஓடும். அந்தப் பேச்சை வைத்துத்தான் அவர் வாரத்தை ஓட்டினார்.

அந்த ஞாயிறு ஒல்லி அம்பு சீறிக்கொண்டு பலகைக்குப் போய்ச் சேர்ந்தது.

"தோள் தேவலாமா?" என்றார் பல் டாக்டர்.

"நூத்துக்கு நூறு" என்று வாய் கூசாமல் சொன்னார்.

ஆனால் ஒவ்வொரு முறையும் வில் கையில் வெடவெடவென்று அதிர்ந்தது. வீட்டுக்கு வந்தால் தோள் விண்விண்ணென்று தெறித்தது. மூன்றாம் ஞாயிறு, வில்லின் மேல்பாதியில் 'டக்'கென்று விரிசல் விட்டது.

கடைக்காரம்மா அவருடைய அம்பை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். மற்ற இருவருக்கும் கேட்காமல் பேசினார்.

"என்னண்ணே இது, ஈர்க்குச்சி மாதிரி?"

"வேகமாப் போகுதும்மா."

"போகும். ஆனா வில்லு குடுக்குற சக்தில கொஞ்சத்ததான் வாங்கிட்டு ஓடுது. மிச்சம் எங்க போகும்? வில்லுக்கும் உங்க தோளுக்கும்தான். கனமான அம்பு மெதுவாப் போனாலும் நெறைய வாங்கிட்டுப் போகும், குத்துனா ஆழமா நிக்கும். பழைய அம்ப எடுத்துக்கிட்டு முப்பது மீட்டர் பலகைக்கு வந்துடுங்கண்ணே."

"முப்பதுல யாரு இருக்கா?"

கடைக்காரம்மா ஒல்லி அம்பை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வில்லின் மேல்பாதியை மாற்ற இரண்டு வாரமானது. அடுத்த ஞாயிறு முப்பது மீட்டர் பலகை முன்னால் அவர் மட்டும் நின்றார். கனமான அம்புகள் சாவகாசமாகப் போய்ப் பொத்பொத்தென்று இறங்கின. வில் அதிரவில்லை. தோள் வலிக்கவில்லை. வலித்திருந்தாலே தேவலை என்றிருந்தது.

அம்பு பிடுங்கப் போகலாம் என்று விசில் ஊதினார்கள். எய்யும் கோடு ஒன்றுதான் என்பதால் நாலு பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள். வங்கிக்காரர் தன் மேலாளரின் புது விக்கைப் பற்றி ஆரம்பித்தார். கதை சூடு பிடிக்கும்போது முப்பது மீட்டர் முடிந்துவிட்டது. லிப்ட் மெக்கானிக் நின்றார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே மேலும் நாற்பது மீட்டர் போனார்கள்.

அம்புகள் ஆழமாக இறங்கியிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கடைசி அம்பும் அசைந்து கொடுத்தது. அதைப் பிடுங்காமல், வராததுபோல் இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு நின்றார். தூரத்தில் மூன்று பேரும் அவர் பக்கமாகத் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.