கீழே வந்த ஃப்ரிட்ஜ்

பார்சல் கிடங்கில் அவளை எல்லாரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிற வேலை. மேலே தகரக் கூரை. உச்சிப்பொழுதில் உள்ளே நின்றால் ஆளே வெந்துவிடும் போலிருக்கும்.

அவள் கணவர் வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவர். மெஷினை விட்டு எழுந்தால் நாலு எட்டில் அடுப்பு. சமைப்பதும் அவர்தான், காலையில் அவளுக்கு டப்பா கட்டிக் கொடுப்பதும் அவர்தான். மத்தியானம் அவள் மூடியைத் திறந்தால் குப்பென்று புளித்த வாடை அடிக்கும். கொட்டிவிட்டு, வாசலில் காசு போட்டால் பாக்கெட் தள்ளுகிற மெஷினுக்குப் போவாள். சிப்ஸ், கிரீம் பன், கலர் சோடா. பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுகிற, தனியறையில் குடியிருக்கும் தம்பிக்கும் அதேதான் சாப்பாடு. அவனுக்கு ராத்திரியும் அதுவே.

சாயங்காலம் கழுவிய டப்பாவோடு வீடு திரும்புவாள். மனிதர் விடியக்காலையில் எழுந்து சமைத்தது. கொட்டினேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொன்னபோது அவளைவிட அவர்தான் ஆடிப்போனார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டிச் சோறு. எனக்கு ஒண்ணும் இல்ல, உனக்கு மட்டும் எப்படி ஏறும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "மத்தியானச் சோத்தை நான் சாப்பிட்டாத்தானே" என்றாள். மீதியை அழுதுகொண்டே சொன்னாள்.

அவர் கழுத்திலிருந்த இன்ச் டேப்பை எடுத்தார், மடித்தார், மறுபடி கழுத்திலேயே போட்டுக்கொண்டார். "அடிப்பாவி, இத்தனை நாளா டப்பாவைத் தேய்ச்சுத் தேய்ச்சே என்னை ஏமாத்திட்டியே!" என்றார். கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. "அங்க ஒரு ஃப்ரிட்ஜ்கூடவா இல்ல?"

"மாடி ஆபீஸ்ல இருக்கு. கீழே இருக்கறவங்களுக்கு இல்ல."

மாடியில் ஏசி உண்டு, சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிட மேஜை உண்டு. அங்கிருந்த ஹெச்.ஆர். மேடம்தான் பாக்கெட் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தாள்: 'பாக்கெட் தீனியைத் தவிர்ப்போம்.'

அடுத்த வாரமே மாடியில் தண்ணீர்க் குழாய் வெடித்தது. ஆபீஸ் முழுக்க வெள்ளம். ரிப்பேர் முடியும்வரை எல்லாரும் கீழே என்று உத்தரவு. லோடர்கள் மேஜை, நாற்காலி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் தூக்கிவந்து, பெட்டிகள் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போட்டார்கள்.

லாரி வரவைக் கவனிக்கிற பொறுப்பும் மேடம் தலையில் விழுந்தது. பெல்ட் நிற்காது, டிரைவர்கள் கத்துவார்கள், உட்கார நேரம் கிடையாது. ஒருநாள் ஒரு கையில் போனும் மறு கையில் சிப்ஸுமாக நின்றவளை ஃபோர்க்லிஃப்ட் தம்பி பார்த்துவிட்டான்.

"மேடம், உங்க போஸ்டர் உங்களையே மொறைக்குது பாருங்க!"

கிடங்கே சிரித்தது. மேடம் முகம் சிவந்தது, பிறகு அவளும் சிரித்துவிட்டாள். "நின்னுக்கிட்டே ஒரு கையால வேற எதைப்பா சாப்பிட முடியும்?"

"இத்தனை வருஷமா நாங்களும் அப்படித்தான் மேடம்" என்றாள் பெரியக்கா. கொஞ்சம் தயங்கி, "அந்த ஃப்ரிட்ஜ்ல ஒரு தட்டு மட்டும் எங்களுக்கு விடுங்களேன்" என்றாள்.

மேடம் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பாதிக்கு மேல் காலி. "இதைக் கேக்கணுமா அக்கா?"

முதல் நாள் ஒரு டப்பாதான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் கதவு மூட முடியாமல் பிதுங்கியது. பெரியக்கா கீரையும் அவித்த முட்டையுமாகத் தன் சோற்றைத் தின்றாள். கெட்டுப்போகாத சோற்றைக் கிடங்கில் வைத்துத் தின்பது அதுவே முதல்முறை.

ரிப்பேர் முடிந்ததும் மேனேஜர் ஃப்ரிட்ஜை மேலே ஏற்றச் சொன்னார். லோடர்கள் அசையவில்லை.

"உள்ள எங்க சோறு இருக்கு சார். சாய்ச்சா கொட்டிடும்."

"அப்போ எடுத்து வெளிய வைங்க."

"இது இங்கேயே இருக்கட்டும் சார்" என்றாள் மேடம். "மாடிக்கு வேற வாங்கிக்கலாம். சாப்பாட்டு நேரத்தையும் கொஞ்சம் கூட்டுங்க. நான் இங்க நின்னு பார்த்துட்டேன், இப்போ குடுக்கற கொஞ்ச நேரத்துல யாராலயும் சாப்பிட முடியாது."

மேனேஜர் ஃப்ரிட்ஜைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "ஃப்ரிட்ஜ் இருந்துட்டுப் போகட்டும். நேரத்தைப் பத்தி மேலிடத்துல பேசிச் சொல்றேன்" என்று நகர்ந்தார். பேச அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனாலும் கால் மணி நேரம் கூடியது.

பெரியக்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரை நிற்கவில்லை. பாக்கெட் மெஷினும் வாசலை விட்டுப் போகவில்லை, அவசரத்துக்கு இன்னும் ஆட்கள் அதன் முன்னால் நிற்கத்தான் செய்கிறார்கள்.

போன வாரம் ஃபோர்க்லிஃப்ட் தம்பி ஒரு சின்ன அடுப்பு வாங்கினான். தானே சமைத்ததாகச் சொல்லி உருளைக்கிழங்கு கொண்டுவந்தான். சாப்பிடக் கீழே வந்திருந்த மேடம்தான் முதலில் கடித்தாள். கடித்த வேகத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இது வெந்துச்சா இல்ல வேடிக்கை பார்த்துச்சா?"

"நாளைக்குப் பீன்ஸ் மேடம்" என்றான் அவன், கொஞ்சமும் அசராமல். "அது சீக்கிரம் வெந்துடும்."

பெரியக்கா தன் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள்.