நீர்வழி ஒன்பதில் காணாமல் போன பறவைகள்

நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் தகடு என்கிறவருக்கு மூச்சு முட்டியது. நிற்கவில்லை. இடது கையால் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு, வலது கையில் சுருட்டிய நோட்டை உருட்டுக்கட்டை மாதிரி பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவினார். மணி பதினொன்று ஏழு. பன்னிரண்டு அடித்தால் எல்லாம் முடிந்தது.

கீழே எங்கோ மனைவி ஏதோ கத்துவது போலிருந்தது. என்னவாக இருந்தால் என்ன? நின்று விசாரிக்கிற நேரமா இது?

ஆறாவது மாடிக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தார். எதிரே, லிஃப்ட் வாசலில், மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஒரு சொட்டு வியர்வை இல்லை. கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"லிஃப்ட் வந்துடுச்சுன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!"

"வாயைத் திறந்து கத்தணும். நீயும் இப்பல்லாம் ஊரோட சேர்ந்து முணுமுணுக்கத்தான் செய்யறே."

"சரி, என் தப்புதான். முகத்தைத் துடைங்க. கொலை பண்ண வந்த ஆள் மாதிரி இருக்கீங்க."

"கொலை பண்ணத்தான் வந்திருக்கேன்" என்றார் தகடு.

இரும்பு பீரோ செய்யும் பட்டறையில் இருபத்து நான்கு வருடமாகத் தகட்டை வெட்டி, மடித்து, தட்டி நிமிர்த்துகிறவர் அவர். அதனால் தகடு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. வயது நாற்பத்தாறு. அந்த வயதில் ஒரு மனுஷன் அரை நாள் லீவு போட்டுவிட்டு, வீடியோ கேம் செய்கிற கம்பெனிக்குச் சண்டைக்கு வருவானா என்றால், வருவான். அவனுடைய ஆற்றை யாராவது திருடியிருந்தால் வருவான்.

ஆற்றின் பெயர் நீர்வழி.

முதல் பாகம் வந்தபோது அவருக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். அந்த விளையாட்டில் சுடுவது கிடையாது, வெட்டுவது கிடையாது. ஒரு படகு, ஒரு துடுப்பு, விடியாத ஒரு காலை. துறையில் காத்திருக்கிற யாரோ ஒருவரை ஏற்றிக்கொண்டு, அவர் சொல்கிற துறையில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் கொஞ்ச தூரத்தில் மூடுபனி வந்து திரையை மூடிவிடும். வெள்ளை. வெறும் வெள்ளை. அதற்கப்புறம் கண்ணுக்கு வேலை இல்லை. இடது பக்கம் நாணல் உரசினால் கரை கிட்டத்தில். சில்வண்டு வலுத்தால் தோப்புத் துறை. துறை மணி சிணுங்கினால் துடுப்பை எடுத்துவிடலாம். ஒரு பறவை ஒற்றையாகக் கூப்பிடும். இன்னொன்று தூரத்திலிருந்து பதில் சொல்லும். அந்த இரண்டுக்கும் நடுவில் படகை விட்டால் பாறையில் தட்டாமல் போய்ச் சேரலாம்.

பட்டறையின் 'டமால் டமால்' சாயங்காலம் வரைக்கும் எலும்புக்குள் அதிர்ந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, ஒரு மணி நேரம் அந்தப் பனிக்குள் படகை விட்டாரானால் எல்லாம் கரைந்து தண்ணீரோடு போய்விடும். அப்புறம்தான் அவர் மனுஷர். புதுப் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, "இடது பக்கம் போங்க, அங்கேதான் கூப்பிடுது" என்று வழி சொன்ன நாட்களும் உண்டு. எட்டுப் பாகம் அப்படியே ஓடியது. எட்டிலும் ஒரு தடவைகூட அவர் படகு பாறையில் தட்டியதில்லை.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆறு வருட இடைவெளி. அதற்குள் மேல்வீட்டுக் குழாய் உடைந்து, பழைய மெஷினும் எட்டு வட்டுகளும் ஒரே நாளில் நனைந்து செத்தன. பரவாயில்லை, ஒன்பது வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வந்தது.

புது மெஷின், புது வட்டு. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தார். படகு பனிக்குள் நுழைந்தது. முன்னைவிட அழகான பனி, பால் நுரை மாதிரி மெல்லப் புரண்டு புரண்டு வந்தது. அவர் கண்ணை மூடினார். பறவைக்காகக் காத்திருந்தார்.

பறவை வரவில்லை.

நாணல் வரவில்லை. சில்வண்டு இல்லை. தூறல் விழுந்தது, தண்ணீரில் புள்ளி புள்ளியாக வட்டம் தெரிந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஆற்றின் அடித்தொண்டை உறுமல் இருந்தது. படகின் அடியில் தண்ணீர் மொத்துவது இருந்தது. அதற்கு மேலே இருக்க வேண்டியதையெல்லாம் யாரோ பாலாடை மாதிரி வழித்து எடுத்துவிட்டார்கள். பஞ்சுப் பொதிக்குள் தலையை விட்ட மாதிரி ஒரு மௌனம். அந்த மௌனத்துக்குள் துடுப்புப் போட்டுப் போட்டு, மூன்று வாரத்தில் பதினாறு தடவை பாறையில் மோதினார்.

மற்ற ரசிகர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போனில் தேடிப் பார்த்தார். படகு பிடிக்கவில்லையாம். கதை சின்னதாம். துறைக்காரன் மூஞ்சியை மாற்றிவிட்டார்களாம். பறவையைப் பற்றி ஒருத்தன் மூச்சுவிடவில்லை.

"செவிட்டுப் பசங்க" என்று திட்டிவிட்டு நோட்டை எடுத்தார். காணாமல் போன சத்தங்களை ஒவ்வொன்றாக எழுதினார். நாற்பத்தொன்று வந்தது. அவர் சொல்லச் சொல்ல மனைவி கம்பெனிக்குக் கடிதம் தட்டினாள். நான்காம் நாள் பதில் வந்தது. சனிக்கிழமை பதினொன்றே காலுக்கு நேரில் வரலாம். பன்னிரண்டு மணிக்கு அப்டேட்டைப் பூட்டுகிறார்கள். அதற்குள் ஒப்புக்கொண்ட திருத்தம் மட்டும் சேரும். இல்லாவிட்டால் ஒன்பது ஒன்பதாகவே கிடக்கும். பத்து வருமா, வந்தால் எப்போது, யாருக்கும் தெரியாது.

வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல் ஏதோ சொன்னாள். தகடு மனைவியைப் பார்த்தார்.

"உட்காரச் சொல்றாங்க. விளையாட்டுக்குச் சத்தம் அமைக்கிற ஒலிக்காரம்மா வந்து கூட்டிட்டுப் போவாங்களாம்."

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உதட்டை அசைக்கக்கூடக் காசு கேட்கும் போலிருக்கு."

உட்கார்ந்தார்கள். சுவர் முழுக்க நீர்வழியின் படங்கள்; தரையெல்லாம் கனத்த கம்பளம். போகிறவர் வருகிறவர் காலடி ஒன்றும் எழவில்லை. எல்லாரும் பனியில் மிதந்து போகிற மாதிரி இருந்தது. இந்தக் கட்டடத்தையே ஒன்பதாம் பாகத்துக்குள் கட்டியிருக்கிறார்களோ என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது.

மனைவி அவர் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். தினமும் ஒரு கதை வைத்திருப்பாள்.

"நேத்து ஒரு பெரியவர் வந்தார். கண்ணெல்லாம் கழுகுக் கண்ணாம். பேப்பர்காரந்தான் வர வர எழுத்தைப் பொடியாக்கிட்டானாம்."

தகடு வாய்விட்டுச் சிரித்தார். "நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை. சொன்னா எழுந்து போயிடுவாங்க. பத்து வருஷத்துக்கு முந்தின பேப்பர் ஒண்ணு கடையில வச்சிருக்கோம். அதை எடுத்துக் கையில குடுத்துட்டேன்."

"பலே கெட்டிக்காரிதான் நீ. மணி என்ன ஆச்சு பாரு!"

பதினொன்று இருபது. கதவு திறந்தது.

ஒலிக்காரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி, காலில் செருப்பில்லை. அவர் அழைத்துப்போன அறையைப் பார்த்துத் தகடு வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டுத் தட்டாகக் கூழாங்கல், சருகு, ஈர மணல், கோணி நிறையக் காய்ந்த புல். ஒரு பழைய தொட்டி நிறையத் தண்ணீர், அதில் குறுக்கே ஒரு பலகை. நீர்வழியின் ஆறு இந்தத் தொட்டியில்தான் பிறந்தது என்று புரிந்ததும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். திட்டுவதற்கு வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோயிற்று.

"நோட்டைக் குடுங்க" என்றார் ஒலிக்காரம்மா. நேருக்கு நேர் பார்த்து, நிறுத்தி நிதானமாகப் பேசினார். இந்தக் கட்டடத்திலேயே வாய் திறந்து பேசுகிற ஒரே ஆள் என்று தகடு நினைத்துக்கொண்டார்.

ஒலிக்காரம்மா நாற்பத்தொன்றையும் படித்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துப் படித்தார். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர நகரத் தகடு அதையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல இடி இல்லை. எருமை கனைக்கிறது இல்லை. மதகு திறக்கிறது இல்லை. எல்லாமே பொடி சத்தம்."

"பொடி சத்தந்தாம்மா ஆறே. மத்ததெல்லாம் வெறும் தண்ணி."

ஒலிக்காரம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. தகட்டின் தோளைத் தாண்டி, மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"மூணு வாரமா எல்லாரும் எங்களைக் கிழிச்சு எடுக்கறாங்க" என்றார். "ஆனா சத்தத்தை இவ்வளவு அக்கறையா யாரும் திட்டலை. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு வந்த ஒரே காதல் கடிதம் இது."

"காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லைம்மா" என்றார் தகடு. குரல் இறங்கிவிட்டது. "நாள் பூரா தகட்டுல அடிக்கிறவன் நான். சாயங்காலம் போறதுக்கு எனக்கு அந்த ஒரு இடந்தான் இருந்துச்சு. குடிக்கத் தெரியாது. சீட்டாடத் தெரியாது. புதுசா ஒண்ணும் வேண்டாம்மா. மொதல் பாகத்துல மொதல் துறை இருக்கே, அதுல எப்படி இருந்துச்சோ அப்படியே போட்டுக் குடுத்துடுங்க. நான் போயிடறேன்."

"ஒண்ணாம் பாகத்தோட மூலப் பதிவு எங்கிட்டேயே இருக்கு. போடறேன். எதை எதை எடுத்துட்டோம்னு நீங்களே காட்டுங்க. காட்டினதைப் பன்னிரண்டுக்குள்ள ஒன்பதுல சேர்த்துடறேன். சம்மதமா?"

"சம்மதம்!"

பதினொன்று முப்பத்தைந்து.

விளக்கைத் தணித்தார்கள். ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டு, இரண்டு பக்கமும். நடுவில் மூன்று நாற்காலி. முன்னால் ஒரு திரை. அதில், சத்தம் எழுந்தால் துள்ளுகிற ஒரு பச்சைக் கோடு படுத்திருந்தது. ஒலிக்காரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார்.

தகடு கண்ணை மூடிக்கொண்டார்.

ஆறு வந்தது. பாதத்தடியில் முதலில் வந்தது. அப்புறம் நாற்காலி வழியாக முதுகில் ஏறியது. மொத், மொத் என்று படகின் வயிற்றில் தண்ணீர். அவர் கை தானாகத் துடுப்பைப் பிடித்தது. எத்தனை வருடம் ஆகியும் உடம்பு மறக்கவில்லை. இதோ வளைவு. இதோ பனி. முகத்தில் ஈரம் பட்ட மாதிரிகூட இருந்தது. துறையில் முக்காடு போட்டுக்கொண்டு யாரோ காத்திருக்கிறார்கள். ஒரு துடுப்பு. இன்னொரு துடுப்பு. இப்போது இடது பக்கம் அந்த ஒற்றைப் பறவை கூப்பிடும். வலது கோடியிலிருந்து மற்றது பதில் சொல்லும்.

காத்திருந்தார்.

வெள்ளை. வெறும் வெள்ளை. பஞ்சு.

இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். அதே பஞ்சு.

கண்ணைத் திறந்தார். திரையில் பச்சைக் கோடு ஊசி ஊசியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி கண் மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் மெல்ல இடது பக்கம் திரும்பியது. ஒரு கணம் நின்றது. பிறகு வலது பக்கம் திரும்பியது. உதட்டில் ஒரு சிரிப்பு. கல்யாணமான முதல் மாதத்தில் பார்த்த அதே சிரிப்பு. மூடிய இமைக்குக் கீழே கண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்றார் தகடு. "தப்பா போட்டுட்டீங்க. இது ஒன்பது."

ஒலிக்காரம்மா நிறுத்தவில்லை. திரையின் ஓரத்தில் இருந்த தேதியை விரலால் காட்டினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. "இது ஒண்ணாம் பாகந்தாங்க. அன்னைக்கு நான் எடுத்த பதிவு. இதுல இன்னி வரைக்கும் யாரும் கை வைக்கலை."

தகடு பெட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். துள்ளுகிற பச்சை ஊசிகளைப் பார்த்தார். மனைவி கண்ணைத் திறந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் கடிதத்துல நீங்க சொல்லாத ரெண்டு வரியைக் கடைசியில நானா சேர்த்தேன்."

"என்னன்னு?"

"இவருக்கு மொதல் பாகத்தை ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கன்னு."

கேட்க வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. ஆனாலும் கேட்டார்.

"அப்போ... பறவை?"

மனைவி நாற்காலியை அவர் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் உதடு அவருக்கு நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கூப்பிட்டுக்கிட்டேதாங்க இருக்கு. ஆரம்பிச்சதிலேருந்து ஒரு நிமிஷம்கூட நிக்கலை."